பல வட்டார மேக வலையமைப்பு: வணிகப் பிரிவுகளைப் பிரித்து வைக்கும் வடிவமைப்பு

பல நாடுகளில் இயங்கும் ஒரு நிறுவனம் தன் வழங்கிக் கணினிகளைச் சொந்தக் கட்டடத்தில் வைத்துக்கொள்ளாமல், மேகக் கணிமை நிறுவனம் ஒன்றிடம் வாடகைக்கு எடுத்து, பல ஊர்களில் உள்ள தரவு மையங்களில் பரப்பி, அனைத்தையும் ஒரே வலையமைப்பாக இணைத்துக்கொள்வது பல வட்டார மேக வலையமைப்பு எனப்படும். அந்த நிறுவனத்துக்குள்ளேயே சில்லறை விற்பனை, பணம் செலுத்தல், கிடங்கு எனத் தனித்தனி வணிகப் பிரிவுகள் இருக்கும். அவை ஒரே முதலாளிக்கு உரியவை என்றாலும், ஒரு பிரிவின் வழங்கியை மற்றொரு பிரிவு தொட முடியாதபடி இருக்க வேண்டும்.

இரண்டு வலைகளை இணைப்பது இன்று சில சொடுக்குகளில் முடிந்துவிடும் வேலை. பிரித்து வைப்பதும், பிரித்தது நிறுவனம் வளர வளரக் கலையாமல் பார்த்துக்கொள்வதுமே கடினம். இந்தக் கட்டுரை அமேசான் வெப் சர்வீசஸ் மேகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதை விளக்குகிறது. பிற மேகங்களில் உள்ள வேறுபாடுகள் கடைசியில் சுருக்கமாகச் சொல்லப்படும்.

ஏன் பிரிக்க வேண்டும்?

2013 நவம்பர் இறுதிக்கும் டிசம்பர் நடுப்பகுதிக்கும் இடையில், அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய கடை நிறுவனத்திலிருந்து சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் நேராகக் கல்லாப்பெட்டிக்குப் போகவில்லை. குளிர்பதன வேலைகளைச் செய்துவந்த ஒரு சிறு ஒப்பந்ததாரரின் கடவுச்சொல்லை முதலில் திருடினார்கள். பில் அனுப்புவது, ஒப்பந்தத் தாள்களைப் பதிவு செய்வது போன்ற காரியங்களுக்காக அவருக்கு நிறுவன வலைக்குள் ஓர் நுழைவு கொடுக்கப்பட்டிருந்தது. அந்த வாசல் வழியே நுழைந்தவர்கள், உள்ளுக்குள்ளேயே நகர்ந்து, கடைகளில் அட்டை தேய்க்கும் இயந்திரங்கள் வரை போய்ச் சேர்ந்தார்கள். முக்கியமான பகுதிகளை நிறுவனம் சரிவரப் பிரித்து வைக்கவில்லை என்றே தெரிகிறது என அமெரிக்க செனட் குழு ஒன்றின் 2014 அறிக்கை குறிப்பிட்டது.

டார்கெட்டின் கதை மேகத்தில் நடந்தது அல்ல. ஆனால் மேகத்திலும் இதே கேள்விதான். வாசற்படியில் பூட்டு இருக்கிறதா என்பது முதல் கேள்வி. திண்ணைவரை வந்தவர் சமையலறைக்கும் போக முடியுமா என்பது இரண்டாவது கேள்வி. வலையமைப்பு வடிவமைப்பு பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

சட்டமும் ஒரு காரணம். இந்தியாவில் நடக்கும் பணப்பரிமாற்றங்களின் முழுத் தரவும் இந்தியாவுக்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் ஆணையிட்டது. எனவே பணம் செலுத்தும் பிரிவுக்கு மும்பையிலோ ஐதராபாத்திலோ இடம் இருந்தே ஆக வேண்டும். அட்டைத் தரவைக் கையாளும் நிறுவனங்கள் பின்பற்ற வேண்டிய பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். என்ற தரநிலை இன்னொரு வகையில் பிரிப்பை ஊக்குவிக்கிறது. பணம் செலுத்தும் பகுதி தனியே இருந்தால் தணிக்கை அந்தப் பகுதியோடு நிற்கும்; கலந்து கிடந்தால் மொத்த வலையும் தணிக்கைக்குள் வந்துவிடும்.

சில அடிப்படைச் சொற்கள்

மேக நிறுவனம் ஒரு நகரைச் சுற்றி அமைத்திருக்கும் தரவு மையங்களின் தொகுப்பு ரீஜன், அதாவது வட்டாரம். அமேசானின் மும்பை வட்டாரம் 2016இலும் ஐதராபாத் வட்டாரம் 2022இலும் திறக்கப்பட்டன. ஒரு வட்டாரத்துக்குள் தனித்தனி மின்சார வசதியுடன், ஒன்றுக்கொன்று 100 கி.மீ.க்குள் அமைந்த பல மண்டலங்கள் இருக்கும்.

வாடகைக்கு எடுப்பவர் அந்த வட்டாரத்துக்குள் தனக்கென்று வேலி போட்டுக்கொள்ளும் வலைப்பரப்புக்கு வி.பி.சி. என்று பெயர். 'மெய்நிகர் தனியார் மேகம்' என்று தமிழாக்கலாம். அமேசான் இதை 2009இல் அறிமுகப்படுத்தியது. அமேசானில் ஒரு வி.பி.சி. ஒரு வட்டாரத்துக்குள் மட்டுமே இருக்கும். அதை இன்னும் சிறு துண்டுகளாகப் பிரித்தால் அவை சப்நெட்டுகள்.

முகவரிக் கணக்கு

வடிவமைப்பின் மிக முக்கியமான வேலை கணினியைத் திறப்பதற்கு முன்பே, தாளில் நடக்கிறது. ஒவ்வொரு வழங்கிக்கும் ஓர் ஐ.பி. முகவரி வேண்டும். நிறுவனங்களின் உள்வலைகளுக்கென்று மூன்று முகவரித் தொகுதிகள் 1996இல் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் பெரியது 10.0.0.0/8. சாய்கோட்டுக்குப் பின் உள்ள 8 என்ன சொல்கிறது? ஒரு முகவரி 32 பிட்டுகள் கொண்டது. அதில் முதல் 8 மாறாது, மீதி 24 பிட்டுகள் நம் விருப்பம் என்று பொருள். ஆகவே 2இன் 24ஆம் அடுக்கு, அதாவது 1,67,77,216 முகவரிகள். சாய்கோட்டு எண் ஒன்று கூடினால் தொகுதி பாதியாகும். /12 என்றால் 10,48,576. /16 என்றால் 65,536. /24 என்றால் வெறும் 256.

இவ்வளவு இருக்கிறதே என்று கண்டபடி எடுத்துப் பயன்படுத்துவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அமேசான் தானாகத் தரும் இயல்பு வி.பி.சி. எல்லா வட்டாரங்களிலும் 172.31.0.0/16 என்ற ஒரே முகவரித் தொகுதியைக் கொண்டது. அதை அப்படியே வைத்துக்கொண்டு மும்பையில் ஓர் அமைப்பு, சிங்கப்பூரில் ஓர் அமைப்பு என்று கட்டிவிட்டால், பிறகு இரண்டையும் நேரடியாக இணைக்கவே முடியாது. இரண்டு தெருக்களிலும் ஒரே கதவு எண்கள் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது இந்தச் சிக்கல் அடிக்கடி எழுகிறது. இரண்டு பேருமே 10.0.0.0/16 என்று தொடங்கியிருப்பார்கள்.

பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று மாணவர்கள் கேட்கலாம். வி.பி.சி.யை உருவாக்கும்போது கொடுத்த முதன்மைத் தொகுதியை மாற்ற முடியாது. கூடுதலாகச் சிலவற்றைச் சேர்க்கலாம், அவ்வளவே. பள்ளி வருகைப் பதிவேட்டில் அகர வரிசைப்படி எண் கொடுத்து முடித்தபின், ஆகஸ்டில் 'அருள்' என்று ஒரு பையன் வந்து சேர்ந்தால் அவனுக்குக் கடைசி எண்தான். எல்லாருடைய எண்ணும் அதற்குள் மதிப்பெண் பட்டியலிலும் நூலக அட்டையிலும் ஏறியிருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பதிவேடுகளை எழுதியவன் என்பதால், ஐ.பி. முகவரியின் பிடிவாதம் எனக்கு எளிதில் புரிந்தது.

ஒரு கற்பனை நிறுவனத்துக்குத் திட்டம் போட்டுப் பார்ப்போம். மும்பை, சிங்கப்பூர், பிராங்க்பர்ட் என மூன்று வட்டாரங்கள். சில்லறை விற்பனை, பணம் செலுத்தல், கிடங்கு என மூன்று பிரிவுகள். எல்லாருக்கும் பொதுவான சேவைகளுக்கு நான்காவதாக ஒரு பிரிவு.

10.0.0.0/8 என்ற தொகுதியைப் பதினாறு /12 துண்டுகளாக வெட்டுவோம். முதல் துண்டைப் பழைய அலுவலக வலைகளுக்கு விட்டுவிடலாம். மும்பைக்கு 10.16.0.0/12, சிங்கப்பூருக்கு 10.32.0.0/12, பிராங்க்பர்ட்டுக்கு 10.48.0.0/12. மீதிப் பன்னிரண்டு துண்டுகள் வருங்கால வட்டாரங்களுக்கு. மும்பைத் துண்டு 10.16இல் தொடங்கி 10.31 வரை போகும். அதை எட்டு /15 துண்டுகளாக வெட்டினால், 10.16, 10.17 பொதுச் சேவைக்கு, 10.18, 10.19 சில்லறை விற்பனைக்கு, 10.20, 10.21 பணம் செலுத்தலுக்கு, 10.22, 10.23 கிடங்குக்கு. ஒவ்வொரு இணையிலும் முதலாவது வாடிக்கையாளர் பயன்படுத்தும் நிஜச் சூழலுக்கு, இரண்டாவது சோதனைச் சூழலுக்கு. 10.24 முதல் 10.31 வரை வேண்டுமென்றே காலி. சிங்கப்பூரில் இதே வரிசை 10.32இலிருந்தும் பிராங்க்பர்ட்டில் 10.48இலிருந்தும் தொடங்கும்.

பாதி இடத்தைச் சும்மா விடுவது வீண் போலத் தோன்றும். நாளை நான்காவது வணிகப் பிரிவு வரும்போது அது பக்கத்திலேயே உட்கார இடம் வேண்டும். மேலும், முகவரிகள் நாம் நினைப்பதைவிட வேகமாகத் தீர்கின்றன. ஒவ்வொரு சப்நெட்டிலும் 5 முகவரிகளை அமேசானே எடுத்துக்கொள்கிறது; /24 சப்நெட்டில் நமக்குக் கிடைப்பது 251. குபர்நெட்டிஸ் என்னும் மென்பொருளை அமேசானின் இயல்பு அமைப்பில் ஓட்டினால், ஒரே கணினிக்குள் இயங்கும் ஒவ்வொரு சிறு செயலிக்கூட்டுக்கும் தனி முகவரி செலவாகும். பண்டிகைக் காலத் தள்ளுபடி விற்பனையின்போது சப்நெட்டில் முகவரி தீர்ந்துவிட்டால், பணம் கொடுக்கத் தயாராக இருந்தாலும் புதிய செயலிக்கூட்டை அங்கே ஏற்ற முடியாது.

இப்படி வரிசையாக வெட்டுவதற்கு இன்னொரு பயனும் உண்டு. நம் நாட்டில் 1972இல் வந்த பின்கோடு முறையை நினைத்துப் பாருங்கள். டெல்லியில் கடிதம் பிரிப்பவர் 625 என்றால் மதுரை என்று அறிந்திருக்க வேண்டியதில்லை. முதல் எண் 6 என்றாலே தமிழ்நாடு, கேரளப் பக்கம் என்று மூட்டையில் போட்டுவிடலாம். அதேபோல 10.32.0.0/12 என்ற ஒரே வரி, சிங்கப்பூரில் உள்ள பத்து லட்சம் முகவரிகளையும் குறித்துவிடும். இதை வழிச் சுருக்கம் என்பர். இந்த வசதியே சில நேரம் பொறியாகவும் மாறும். அதைச் சற்றுப் பிறகு பார்ப்போம்.

இணைக்கும் முறை

நம் திட்டத்தில் மூன்று வட்டாரங்கள், நான்கு பிரிவுகள், இரண்டு சூழல்கள். ஆக 24 வி.பி.சி.கள். இரண்டு வி.பி.சி.களை நேரடியாக இணைப்பதற்குப் பியரிங் என்று பெயர். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் பியரிங் செய்தால் 24 × 23 ÷ 2 = 276 இணைப்புகள் வேண்டும். ஒரு வி.பி.சி.க்கு அதிகபட்சம் 125 பியரிங் என்ற வரம்பும் உண்டு. தவிர, பியரிங் கடந்து போகாது: அ-வும் ஆ-வும் இணைந்திருக்க, ஆ-வும் இ-யும் இணைந்திருந்தாலும், அ-விலிருந்து இ-க்கு ஆ வழியாகப் போக முடியாது. பாதுகாப்புக் கோணத்தில் இது நல்ல குணம்தான்.

2018இல் வந்த டிரான்சிட் கேட்வே இதற்கு மாற்று. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மையச் சந்திப்பு. அந்த வட்டாரத்தின் எட்டு வி.பி.சி.களும் அதில் வந்து சேரும். மூன்று சந்திப்புகளும் தங்களுக்குள் இணையும். 24 + 3 = 27 இணைப்புகள் போதும். ஒரு சந்திப்பில் 5,000 இணைப்புகள் வரை சேர்க்கலாம் என்பதால் வளர்ச்சிக்குத் தடையில்லை. ஆனால் பேருந்து நிலையம் போல எல்லாரும் வந்து கூடும் இடம் இது. யார் எந்தப் பேருந்தில் ஏறலாம் என்று கட்டுப்படுத்தாவிட்டால் 24 தனி வேலிகள் போட்டும் பயனில்லை.

பிரிப்பது எங்கே நடக்கிறது?

அந்தக் கட்டுப்பாடு ரூட் டேபிள் என்னும் வழி அட்டவணையில் இருக்கிறது. இன்ன முகவரிக்குப் போக இன்ன வழி என்று சொல்லும் பட்டியல் அது. ஒரு டிரான்சிட் கேட்வேயில் பல அட்டவணைகள் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் இணைப்பும் அவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டுமே பார்க்கும்.

நிஜச் சூழலை மட்டும் எடுத்துக்கொள்வோம். மும்பையின் சில்லறைப் பிரிவு பார்க்கும் அட்டவணையில் பொதுச் சேவைக்கான 10.16.0.0/16 இருக்கும். சிங்கப்பூர், பிராங்க்பர்ட் நகரங்களின் சில்லறைப் பிரிவுகளுக்கான 10.34.0.0/16, 10.50.0.0/16 இருக்கும். பணம் செலுத்தும் பிரிவான 10.20.0.0/16 இருக்காது. சோதனைச் சூழலுக்குத் தனி அட்டவணை. தடை எதுவும் எழுதப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வழி இல்லை, அவ்வளவுதான். வழியில்லாத தரவுப் பொட்டலம் சந்திப்பிலேயே கைவிடப்படும். தடை விதியை யாராவது அவசரத்தில் நீக்கிவிடலாம். இல்லாத வழியை ஒருவர் வேண்டுமென்றே வந்து எழுதினால்தான் உண்டு.

இப்போது முன்பு சொன்ன பொறிக்கு வருவோம். மும்பைச் சில்லறை அட்டவணையில் 10.34.0.0/16 என்று எழுதுவதற்குப் பதிலாக, சுருக்கமாக இருக்கட்டும் என்று 10.32.0.0/12 என ஒருவர் எழுதிவிட்டார் என்று வையுங்கள். சில்லறைப் பிரிவு வழக்கம்போல இயங்கும். யாரும் எதையும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் சிங்கப்பூரின் பணம் செலுத்தும் பிரிவு 10.36.0.0/16, அந்த /12க்குள் அடங்குகிறது. மும்பைச் சில்லறை வழங்கி ஒன்று 10.36.1.5 என்ற முகவரிக்கு ஒரு பொட்டலம் அனுப்பினால், மும்பைச் சந்திப்பு அதைச் சிங்கப்பூருக்குத் தள்ளிவிடும். சிங்கப்பூர்ச் சந்திப்போ, மும்பையிலிருந்து வரும் அனைத்தையும் ஒரே இணைப்பின் வழியாகப் பெறுகிறது. அந்த இணைப்பு ஒரே ஓர் அட்டவணையைத்தான் பார்க்க முடியும். அதில் சிங்கப்பூரின் எல்லாப் பிரிவுகளும் இருந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் உரியவர்களுக்கே தரவு போகாது. ஆகவே அனுப்பியது யார் என்று பார்க்காமல் அது பொட்டலத்தைப் பணம் செலுத்தும் பிரிவுக்குக் கொண்டு சேர்த்துவிடும்.

பதில் திரும்பி வராது என்பது உண்மை. சிங்கப்பூர்ப் பணம் செலுத்தும் பிரிவின் அட்டவணையில் மும்பைச் சில்லறைக்கு வழி இல்லை. இதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. ஒருவழியாகப் போகும் பொட்டலமும் தீங்கு செய்யலாம்; மறுமுனையிலும் அதே சோம்பலில் 10.16.0.0/12 என்று எழுதப்பட்டிருந்தால் இரு வழியும் திறந்துவிடும். எனவே பல வட்டார வலையில் பிரிவுகளைக் காக்கும் வேலை பெரும்பாலும் புறப்படும் முனையிலேயே நடக்க வேண்டும். அலுவலகங்களுக்கும் மையச் சந்திப்புகளுக்கும் வட்டாரச் சுருக்கம் சரி. பிரிவுகளின் அட்டவணையில் பிரிவின் தொகுதியை மட்டும் எழுத வேண்டும். சந்திப்புகளுக்கு இடையிலான வழிகளைக் கையாலேயே எழுத வேண்டியிருப்பதால் கைப்பிழைக்கும் இடமுண்டு. பிரிவுகளின் பெயரைச் சொன்னாலே வழிகளைத் தானே அமைத்துக்கொள்ளும் கிளவுட் வேன் என்ற சேவையை அமேசான் 2022இல் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது.

இதற்கு மேல் இன்னும் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒவ்வொரு வழங்கியின் வாசலிலும் நிற்கும் செக்யூரிட்டி குரூப் என்ற காவல், அனுமதித்ததைத் தவிர உள்ளே வரும் எதையும் ஏற்காது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி அமேசான் கணக்கு கொடுத்துவிட்டால், ஒரு பிரிவின் நிர்வாகி தவறுதலாகக்கூட மற்றதன் அட்டவணையைத் திருத்த முடியாது. டிரான்சிட் கேட்வேயை மட்டும் ஒரு தனி வலையமைப்புக் கணக்கில் வைத்து மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வது வழக்கம்.

பொதுச் சேவை என்னும் பலவீனம்

பெயர்த் தீர்வு, அடையாளச் சரிபார்ப்பு, பதிவேடுகளைச் சேகரித்தல் ஆகியவற்றை ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே வைத்துக்கொண்டால் செலவு கட்டாது. அதனால் பொதுச் சேவைப் பிரிவு பிறக்கிறது. எல்லாரும் அதைத் தொடலாம். அதுவும் எல்லாரையும் தொடலாம். டார்கெட்டில் நுழைந்தவர்கள் போன்றவர்களுக்கு இதைவிட வசதியான திண்ணை கிடையாது.

இதற்கு நல்ல தீர்வு, வழியைத் திறக்காமல் ஒரு சிறு சன்னலை மட்டும் திறப்பது. அமேசானில் இதற்குப் பிரைவேட்லிங்க் என்று பெயர். பொதுச் சேவை தன் ஒரு குறிப்பிட்ட சேவையை மட்டும் வெளியிடும்; சில்லறைப் பிரிவின் வி.பி.சி.க்குள்ளேயே அதற்கு ஓர் உள்முகவரி தோன்றும். பேச்சைத் தொடங்குவது எப்போதும் சில்லறைப் பிரிவுதான். பொதுச் சேவையிலிருந்து அது வழியாக உள்ளே புக முடியாது. முகவரிகள் மோதினாலும் இது வேலை செய்யும் என்பதால், புதிதாக வாங்கிய நிறுவனத்தை உடனடியாக இணைக்கவும் உதவும். எல்லாவற்றுக்கும் இது ஒத்துவராது, ஒவ்வொரு சன்னலுக்கும் தனிக் கட்டணமும் உண்டு. இருந்தாலும், பணம் செலுத்தும் பிரிவுக்கும் பொதுச் சேவைக்கும் இடையில் வழி திறப்பதைவிடச் சன்னல் வைப்பதே சரி என்பது என் கருத்து.

தொலைவும் தனித்து நிற்றலும்

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். மும்பைக்கும் பிராங்க்பர்ட்டுக்கும் நேர்கோட்டில் சுமார் 6,500 கி.மீ. போய்த் திரும்ப 13,000 கி.மீ.; குறைந்தது 65 மில்லிநொடி. கடலடிக் கம்பி நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும். எந்த மேக நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தாலும் இதைக் குறைக்க முடியாது. மும்பையில் உள்ள ஒரு பக்கம், பிராங்க்பர்ட் தரவுத்தளத்தை ஒன்றன்பின் ஒன்றாக இருபது முறை கேட்டால் 1.3 நொடி அதிலேயே போய்விடும். ஆகவே அன்றாட வேலைக்கு வேண்டியதெல்லாம் அந்தந்த வட்டாரத்திலேயே இருக்க வேண்டும்.

பழுது என்று வந்தாலும் இதே விதிதான். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், வாட்ஸ்ஆப், இன்ஸ்டாகிராம் ஆகியவை உலகம் முழுவதும் பல மணி நேரம் நின்றுபோயின. முதுகெலும்பு வலையின் கொள்ளளவை அறிவதற்காகக் கொடுத்த ஒரு கட்டளை, தரவு மையங்களுக்கு இடையிலான எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கை மென்பொருளிலும் பிழை இருந்தது. தரவு மையங்களை எட்ட முடியாததால், பெயர்த் தீர்வு வழங்கிகள் தாங்களே இணையத்திலிருந்து விலகிக்கொண்டன. பழுது பார்க்கும் உட்கருவிகளும் அதே வலையை நம்பியிருந்தமையால், பொறியாளர்கள் நேரில் தரவு மையங்களுக்குப் போக வேண்டியதாயிற்று.

நம் கற்பனை நிறுவனத்துக்கு இதிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. சிங்கப்பூருக்குப் போகும் இணைப்பு அறுந்தாலும் மும்பை தன்னந்தனியாக இயங்க வேண்டும்; எனவே பெயர்த் தீர்வும் அடையாளச் சரிபார்ப்பும் வட்டாரத்துக்கு ஒன்று. வழி அட்டவணையை மாற்றுவதென்றால் ஒரு நேரத்தில் ஒரு வட்டாரத்தில் மட்டும். பழுது பார்க்கப் போகும் வழி, பழுதாகக்கூடிய வலையின் வழியாக இருக்கக் கூடாது.

பிற மேகங்களும் ஐ.பி. ஆறும்

மைக்ரோசாப்ட் அசூரில் அமைப்பு ஏறத்தாழ இதேபோன்றது: வலை ஒரு வட்டாரத்துக்குள் நிற்கும், மையச் சந்திப்பு வைத்து இணைப்பார்கள். அதன் இந்திய வட்டாரங்களில் ஒன்று சென்னையில் இருக்கிறது. கூகுள் மேகம் வேறுபட்டது. அங்கே ஒரு வி.பி.சி. உலகம் முழுவதும் பரவும், சப்நெட்டுகள் மட்டும் வட்டாரத்துக்கு உரியவை. மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சந்திப்பு எதுவும் கட்ட வேண்டியதில்லை என்பது வசதி. ஆனால் எல்லாப் பிரிவுகளையும் ஒரே வி.பி.சி.யில் வைத்தால் வழி எல்லாருக்கும் திறந்தே இருக்கும். பிரிப்பது முழுவதும் ஃபயர்வால் விதிகளின் பொறுப்பாகும். பணம் செலுத்தும் பிரிவுக்காவது தனி வி.பி.சி. வைப்பது நல்லது.

128 பிட்டுகள் கொண்ட ஐ.பி. ஆறாம் பதிப்பு வந்தால் முகவரிக் கணக்கே தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். முகவரி தீர்வதும் மோதுவதும் பெருமளவு மறையும் என்பது சரி. அமேசான் தரும் /56 தொகுதி ஒன்றில் 256 சப்நெட்டுகள் வைக்கலாம்; ஒவ்வொன்றிலும் உள்ள முகவரிகளை எண்ணி முடிக்க முடியாது. ஆனால் அந்த முகவரிகள் உலகம் முழுவதற்கும் பொதுவானவை என்பதால், உள்முகவரி என்ற திரை போய்விடும். யாருக்கு எந்த வழி என்ற அட்டவணையை அங்கேயும் நாம்தான் ஒவ்வொரு வரியாக எழுத வேண்டும். பழைய பதிப்புக்கு எழுதிய வரிகள் அதற்குப் பொருந்தாது. இரண்டு பதிப்புகளையும் சேர்த்து ஓட்டும் நிறுவனங்கள், பழையதில் அடைத்த வழி புதியதில் திறந்து கிடக்கிறதா என்று தனியே சோதித்துப் பார்க்க வேண்டும்.